அச்சத்தை மனித மனத்துக்குள் தேடிய நாவலாசிரியர்: கல்பாத்தியில் பிறந்த மலையாற்றூர் ராமகிருஷ்ணனின் வாழ்க்கை

பாலக்காடு: மலையாள இலக்கியத்தில் திகில் நாவல் என்றதும் வாசகர்கள் முதலில் குறிப்பிடும் நூல்களுள் ஒன்று 'யட்சி'. 1967-ஆம் ஆண்டு வெளியாகிப் பல பதிப்புகள் கண்ட இந்த நாவலை எழுதியவர், பாலக்காட்டின் கல்பாத்தியில் தமிழ் பேசும் குடும்பத்தில் பிறந்த மலையாற்றூர் ராமகிருஷ்ணன். வழக்கறிஞர், தேர்தல் வேட்பாளர், ஆங்கில நாளிதழின் துணை ஆசிரியர், நீதித்துறை நடுவர், ஐஏஎஸ் அதிகாரி, கார்ட்டூன் ஓவியர், திரைக்கதை ஆசிரியர் எனப் பல பொறுப்புகளை வகித்த இவர், 70 வயதில் மறைந்தார். 1927-ஆம் ஆண்டு மே மாதம் பிறந்த இவருக்கு 2027-ஆம் ஆண்டு நூற்றாண்டு ஆகும்.

தாய்மொழி தமிழாக இருந்தும், தமிழ் வாசகர்களிடையே இவரது பெயர் போதிய அளவு அறிமுகமாகவில்லை. ஆனால், இவரது கதைகளில் நடித்தவர்களையும் அவற்றைத் திரைப்படமாக்கியவர்களையும் தமிழ்நாடு நன்கு அறியும்.

கல்பாத்தி முதல் பெரியாற்றங்கரை வரை

ராமகிருஷ்ணனின் முழுப்பெயர் கே.வி. ராமகிருஷ்ண ஐயர். அவர் பிறந்தபோது பாலக்காடு, சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோதுதான் அப்பகுதி கேரளத்துடன் இணைந்தது.

கல்பாத்தி, பாரதப்புழையின் கிளையான கல்பாத்தி ஆற்றின் கரையில் அமைந்த பழமையான அக்ரகாரம். சோழநாட்டுப் பகுதிகளிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் பாலக்காட்டுக் கணவாய் வழியே குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் அங்கு வசித்து வருகின்றன. வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம் என்பது அவர்களின் அன்றாட வழக்கம். அந்தத் தமிழிலும் மலையாளச் சொற்கள் ஏராளமாகக் கலந்திருக்கும்.

இத்தகைய இருமொழிச் சூழலிலிருந்து வந்த ராமகிருஷ்ணன், ஆலுவா யூனியன் கிறிஸ்தவக் கல்லூரியில் அறிவியல் பயின்றார். பின்னர் திருவனந்தபுரத்தில் சட்டம் படித்து வழக்கறிஞரானார். இடுக்கி மலைகளிலிருந்து இறங்கி வரும் பெரியாறு, சமவெளியில் மலையாற்றூர், காலடி ஆகிய ஊர்களைக் கடந்து ஆலுவாவை அடைகிறது. அந்த ஆற்றங்கரை ஊரான மலையாற்றூரின் பெயரையே பின்னாளில் தமது எழுத்துப் பெயரின் முன்பகுதியாக அவர் ஏற்றுக்கொண்டார். பிறந்த ஊரான பாலக்காட்டை விட்டு வேறோர் ஊரின் பெயரைச் சூடிக்கொண்ட இவரே, ஒருவரின் வேர் எங்கே இருக்கிறது என்ற கேள்வியைத் தமது முதன்மையான நாவலின் மையமாக வைத்தார்.

தேர்தல் தோல்வியும் அரசுப் பணியும்

இளமையில் ராமகிருஷ்ணனை இடதுசாரி அரசியல் ஈர்த்தது. 1954-ஆம் ஆண்டு திருவிதாங்கூர்-கொச்சி சட்டப்பேரவைத் தேர்தலில், கம்யூனிஸ்ட் கட்சியின் ஆதரவுடன் பெரும்பாவூர் தொகுதியில் போட்டியிட்டுத் தோல்வியடைந்தார். மும்பையில் 'ஃப்ரீ பிரஸ் ஜர்னல்' ஆங்கில நாளிதழில் துணை ஆசிரியராகவும் பணியாற்றினார். கார்ட்டூன் வரைவதில் அவருக்கு இயல்பாகவே திறமை இருந்தது.

1955-ஆம் ஆண்டு நீதித்துறை நடுவர் பணியில் சேர்ந்த அவர், 1958-ஆம் ஆண்டு ஐஏஎஸ் அதிகாரியானார். அப்போது கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையிலான கம்யூனிஸ்ட் அரசு நடைபெற்றுக்கொண்டிருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் அக்கட்சியின் ஆதரவோடு வாக்குக் கேட்டவர், இப்போது அக்கட்சியின் அரசு நடத்தும் நிர்வாகத்தில் ஓர் அதிகாரியானார். துணை ஆட்சியர், மாவட்ட ஆட்சியர், அரசுச் செயலர், வருவாய் வாரிய உறுப்பினர் எனப் படிப்படியாக உயர்ந்தார்.

நீதிமன்றத்தில் சாட்சிகளையும், ஆட்சியர் அலுவலகத்தில் மனுதாரர்களையும் நாள்தோறும் சந்திக்கும் பணி அது. ஒரே நிகழ்வை இருவர் இருவிதமாகச் சொல்வதையும், இருவருமே தாம் சொல்வதை உண்மை என்று நம்புவதையும் அருகிலிருந்து காணும் வாய்ப்பு அப்பணியில் உண்டு. அவரது நாவல்களில் திரும்பத் திரும்ப எழும் ஐயம், யார் சொல்வதை நம்புவது என்பதுதான்.

'வேர்கள்' தந்த விருது

1966-ஆம் ஆண்டு வெளியான 'வேருகள்' (வேர்கள்) நாவல் ராமகிருஷ்ணனை மலையாள இலக்கியத்தின் முன்வரிசைக்குக் கொண்டுவந்தது. நாயகன் ரகு ஓர் ஐஏஎஸ் அதிகாரி. நகரத்தில் பெரிய வீடு கட்ட வேண்டும் என்ற மனைவி கீதாவின் வற்புறுத்தலால், பூர்வீகச் சொத்தை விற்பதற்காகச் சொந்த ஊருக்குச் செல்கிறான். அங்கே காணும் மனிதர்களும் பழைய நினைவுகளும் அவனது முடிவை அசைக்கின்றன. தன் வேர்கள் அந்த மண்ணில் இருப்பதை உணரும் அவனால் அதை விற்க இயலவில்லை.

கேரளத்தில் வாழும் தமிழ் பிராமணக் குடும்பங்களின் வாழ்க்கையை, அவர்களது தமிழ் கலந்த பேச்சுவழக்குடன் மலையாள வாசகர்களுக்கு முன்வைத்த நாவல் இது. பிழைப்புக்காகப் புலம்பெயர்ந்து, புதிய மண்ணிலேயே வேரூன்றி, ஆனாலும் வீட்டுமொழியை விடாமல் வைத்திருக்கும் ஒரு சமூகத்தின் கதை என்பதால், தமிழர்களுக்கும் இது நெருக்கமான நூலாகும். இந்நாவலுக்கு 1967-ஆம் ஆண்டின் கேரள சாகித்ய அகாதமி விருது வழங்கப்பட்டது.

விருது பெற்ற எழுத்தாளர்கள் பலரும் அதே பாதையில் தொடர்வது வழக்கம். ஆனால் ராமகிருஷ்ணன் அடுத்துத் தேர்ந்தெடுத்தது, தீவிர இலக்கியவாதிகள் பலர் தொடத் தயங்கிய பேய்க் கதையை.

பாலை மரத்து யட்சி

கேரளத்தின் நாட்டார் கதைகளில் யட்சிக்குத் தனி இடம் உண்டு. பேரழகியின் உருவில் இரவு நேரத்தில் வழிப்போக்கனை எதிர்கொண்டு, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள். அவளோடு சென்றவன் மறுநாள் காலையில் பனை மரத்தடியில் நகமும் முடியுமாக எஞ்சியிருப்பான் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்த 'ஐதீகமாலை' உள்ளிட்ட நூல்களில் யட்சிக் கதைகள் பல இடம்பெற்றுள்ளன.

தமிழ்நாட்டிலும் இந்த மரபு உண்டு. கன்னியாகுமரி, திருநெல்வேலி வட்டாரங்களில் வழிபடப்படும் இசக்கி அம்மனின் பெயர், யட்சி என்பதன் தமிழ் வடிவமான இயக்கி என்பதிலிருந்து வந்தது. வஞ்சிக்கப்பட்டு இறந்து, பழிதீர்க்கத் திரும்பி வரும் நீலியின் கதை இரு மாநிலங்களிலும் வழங்குகிறது.

யட்சி குடியிருப்பதாக நம்பப்படும் மரங்களில் ஏழிலைப்பாலையும் ஒன்று. பாலை மரங்கள் நிறைந்த காடு என்பதாலேயே பாலக்காடு என்ற பெயர் வந்தது என்றொரு விளக்கமும் உண்டு. யட்சியின் மரத்தோடு பெயர் பிணைந்த ஊரில் பிறந்தவர், அந்த மரத்திலிருந்து யட்சியை இறக்கி ஓர் இளம் தம்பதியின் வீட்டுக்குள் கொண்டுவந்தார்.

கண்ணாடிக்கு முன் நிற்கும் நாயகன்

'யட்சி' நாவலின் நாயகன் சீனிவாசன் ஒரு கல்லூரி விரிவுரையாளர். படித்தவர், அழகர், மாணவியரால் விரும்பப்படுபவர். கல்லூரி ஆய்வகத்தில் நிகழும் விபத்தில் அவரது முகத்தின் ஒரு பகுதி சிதைந்துவிடுகிறது. அவரைக் காதலித்த பெண் விலகிச் செல்கிறாள். தனிமையில் ஆழ்ந்த அவர், மந்திரவாதம் பற்றியும் யட்சிகளைப் பற்றியும் படிக்கத் தொடங்குகிறார்.

அந்நிலையில் ராகிணி என்ற பேரழகி அவரது வாழ்வில் வருகிறாள். சிதைந்த முகத்தைக் கண்டு அவள் அஞ்சவில்லை. இருவரும் மணந்துகொள்கின்றனர். ஆனால் இவ்வளவு அழகான ஒரு பெண் தம்மை எப்படி விரும்ப முடியும் என்ற கேள்வி சீனிவாசனை அரிக்கத் தொடங்குகிறது. அவளது கடந்த காலம் தெளிவாக இல்லை. சிறு சிறு நிகழ்வுகள் ஐயத்தை வளர்க்கின்றன. கணவன் என்ற நிலையில் தமக்கு ஏற்படும் இயலாமைக்கும் அவர் ராகிணியிடமே காரணம் தேடுகிறார். இவள் மனுஷிதானா, யட்சியா என்ற கேள்வி அவரை ஆட்கொள்கிறது.

கதை பெரும்பாலும் சீனிவாசனின் பார்வையிலேயே நகர்வதால், அவர் கண்டதாக நம்புவதையே வாசகரும் காண்கிறார். ஒவ்வொரு நிகழ்வுக்கும் அமானுஷ்ய விளக்கம் ஒன்றும் உளவியல் விளக்கம் ஒன்றும் இருக்கும்படி நாவல் கட்டமைக்கப்பட்டுள்ளது. முடிவை இங்கே சொல்வது இனிப் படிக்கப்போகும் வாசகருக்கு நியாயம் செய்யாது. எனினும், நாவலின் உண்மையான திகில் ராகிணி யார் என்பதில் மட்டும் இல்லை. தம்மீது நம்பிக்கை இழந்த ஓர் ஆண், தம்மை நேசிக்கும் பெண்ணை என்னவாகக் காண்பான் என்பதில்தான் அது அடங்கியுள்ளது. ஐயம் முற்றிய வீட்டில் ஆபத்து யாருக்கு என்ற கேள்வியை, படித்து முடித்த பின்னரும் எளிதில் விலக்க முடிவதில்லை.

பழைய யட்சிக் கதைகளில் பலியாவது ஆண். ராமகிருஷ்ணனின் கதையில் அது அவ்வளவு உறுதியாக இல்லை. கேரளத்தின் மிகப் பழைய அச்சம் ஒன்றை எடுத்து, அதை அஞ்சுபவரின் பக்கம் விளக்கைத் திருப்பியதே இந்நாவலின் சாதனை.

திரையிலும் கல்லிலும்

நாவல் வெளியான மறு ஆண்டே, 1968-இல், 'யட்சி' திரைப்படமானது. சத்யன் சீனிவாசனாகவும் சாரதா ராகிணியாகவும் நடித்தனர். திரைக்கதையைத் தோப்பில் பாசி எழுதினார். இயக்குநர் கே.எஸ். சேதுமாதவனும் பாலக்காட்டைச் சேர்ந்தவர். பின்னாளில் சேதுமாதவன் தமிழில் இயக்கிய 'மறுபக்கம்', இந்தியாவின் சிறந்த திரைப்படத்துக்கான தேசிய விருதைப் பெற்ற முதல் தமிழ்ப் படமாகும்.

அதற்கு மறு ஆண்டு, 1969-இல், பாலக்காடு அருகே மலம்புழை அணைப் பூங்காவில் சிற்பி கானாயி குஞ்ஞிராமன் சுமார் 30 அடி உயரமுள்ள யட்சி சிலையை வடித்து முடித்தார். ஆடையற்ற பெண்ணுருவமாக அமைந்த அச்சிலை அக்காலத்தில் பெரும் விவாதத்தை எழுப்பியது. மலம்புழை அணையை 1955-ஆம் ஆண்டு திறந்து வைத்தவர், அப்போது சென்னை மாநில முதலமைச்சராக இருந்த காமராஜர். நாவல், திரைப்படம், சிற்பம் என அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளில் மூன்று கலைஞர்கள் தனித்தனியே யட்சியைக் கையில் எடுத்ததும், மூன்றிலும் பழைய பேய்க் கதைக்குப் பதிலாகப் பெண்ணைக் காணும் பார்வையே பேசுபொருளானதும் கவனத்துக்குரியவை.

'யட்சி' நாவலைத் தழுவி ஷாலினி உஷா நாயர் இயக்கத்தில் ஃபகத் ஃபாசில் நடித்த 'அகம்' என்ற மலையாளப் படமும் பின்னர் உருவானது. எழுத்தாளர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின்னும் அக்கதை புதிய இயக்குநர்களை ஈர்த்ததற்கு இது சான்று.

அட்டப்பாடியின் 'பொன்னி'

பாலக்காடு மாவட்டத்தின் வடகிழக்கே, கோவை மாவட்டத்தை ஒட்டி அமைந்தது அட்டப்பாடி மலைப்பகுதி. இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடி மக்கள் வாழும் அப்பகுதியின் வழியே, பவானி ஆறு கிழக்கு நோக்கிப் பாய்ந்து தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. அங்கு வாழும் பழங்குடி மக்களைப் பற்றி ராமகிருஷ்ணன் எழுதிய நாவல் 'பொன்னி'.

இக்கதை 1976-ஆம் ஆண்டு தோப்பில் பாசியின் இயக்கத்தில் திரைப்படமானது. அதில் கமல்ஹாசனும் லட்சுமியும் முதன்மை வேடங்களில் நடித்தனர். முன்னதாக 1973-ஆம் ஆண்டு பி.என். மேனன் இயக்கத்தில் வெளியான 'காயத்ரி' படமும் ராமகிருஷ்ணனின் எழுத்தில் உருவானது. அக்ரகாரத்து வாழ்க்கையைக் களமாகக் கொண்ட படம் அது.

அதிகாரியின் நாற்காலியிலிருந்து

அரசுப் பணியில் இருந்துகொண்டே அந்த அமைப்பைப் பற்றி ராமகிருஷ்ணன் எழுதிய நாவல் 'யந்திரம்'. லட்சியங்களுடன் ஐஏஎஸ் பணிக்கு வரும் இளைஞர்கள், நிர்வாகம் என்னும் பெரிய இயந்திரத்தின் பற்சக்கரங்களுக்கிடையே எவ்வாறு மாற்றப்படுகின்றனர் என்பதை அந்நாவல் விவரிக்கிறது. அதற்கு 1979-ஆம் ஆண்டு வயலார் விருது கிடைத்தது.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1981-இல், ராமகிருஷ்ணன் ஐஏஎஸ் பதவியிலிருந்து விலகினார். ஓய்வு வயதுக்கு முன்பே எடுக்கப்பட்ட முடிவு அது. ஆட்சிப் பணி அனுபவங்களை 'சர்வீஸ் ஸ்டோரி: என்றெ ஐஏஎஸ் தினங்கள்' என்ற நூலாகவும் எழுதினார். நகைச்சுவை கலந்த 'பிரிகேடியர் கதைகள்' அவரது மற்றொரு முகத்தைக் காட்டியது. ஆர்தர் கோனன் டாயிலின் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளையும் அவர் மலையாளத்தில் மொழிபெயர்த்தார்.

வெகுசன எழுத்தும் இலக்கியமும்

மலையாளத்தில் மர்ம நாவலுக்கு நீண்ட வரலாறு உண்டு. அப்பன் தம்புரான் எழுதி 1905-ஆம் ஆண்டு நூலாக வெளிவந்த 'பாஸ்கர மேனோன்', அம்மொழியின் முதல் துப்பறியும் நாவலாகக் கருதப்படுகிறது. தமிழில் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் மர்மக் கதைகளால் வாசகர்களைப் பெருக்கிய காலத்தை ஒட்டியது அது.

1960-களின் இறுதியில் இந்த வகை எழுத்து கேரளத்தில் புதிய அலையாக எழுந்தது. 'யட்சி' வெளியான அடுத்த ஆண்டில் 'சுவந்ந மனுஷ்யன்' (சிவப்பு மனிதன்) தொடர்கதை மூலம் துப்பறியும் எழுத்துக்கு வந்தவர் கோட்டயம் புஷ்பநாத். இடுக்கி மலைப்பகுதியில் உள்ளவை உட்படப் பல பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றிய அவர், டிராகுலாவையும் துப்பறிவாளர்களையும் வார இதழ்களின் வழியே வீடுதோறும் கொண்டுசென்றார். அவரது நாவல்கள் பல தமிழிலும் வெளியாயின. 2018-ஆம் ஆண்டு அவர் மறைந்தார்.

புஷ்பநாத்தின் கதைகளில் இருளை விலக்க ஒரு துப்பறிவாளர் வருவார். இறுதி அத்தியாயத்தில் வாசகர் நிம்மதியுடன் நூலை மூடலாம். ராமகிருஷ்ணனின் கதையில் அத்தகைய மீட்பர் இல்லை. இரு வகைக்கும் வாசகர்கள் இருந்தனர். எனினும் விமர்சகர்களின் மதிப்பீட்டில் முதல் வகை பொழுதுபோக்காகவும், இரண்டாவது இலக்கியமாகவும் பிரிக்கப்பட்டன. அந்தக் கோட்டின் இருபுறமும் கால் வைத்து நின்றவர் ராமகிருஷ்ணன். அகாதமி விருது பெற்ற அவர் பேய்க் கதை எழுதியதால் அவரது மதிப்பு குறையவில்லை. பேய்க் கதையின் மதிப்புதான் உயர்ந்தது.

இறுதி ஆண்டுகள்

பதவி விலகிய பின்னும் ராமகிருஷ்ணன் எழுத்தையும் திரைத்துறையையும் விடவில்லை. பத்ரன் இயக்கத்தில் மம்மூட்டி நடித்து 1990-ஆம் ஆண்டு வெளியான 'ஐயர் தி கிரேட்' படத்துக்கு அவர் திரைக்கதை எழுதினார். வரவிருக்கும் நிகழ்வுகளை முன்கூட்டியே காணும் ஆற்றல் பெற்றுவிடும் ஒரு தமிழ் பிராமணரின் கதை அது. 'வேர்க'ளின் அக்ரகாரத்து மனிதரும் 'யட்சி'யின் விளக்க முடியாத அச்சமும் ஒரே பாத்திரத்தில் சந்தித்துக்கொண்ட படம் என்று அதைச் சொல்லலாம். ஆற்றல் பெற்ற மனிதரை உலகம் நம்ப மறுப்பதும், அந்த ஆற்றலே அவருக்குச் சுமையாவதும் அதன் மையம்.

1997-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் தேதி மலையாற்றூர் ராமகிருஷ்ணன் காலமானார்.

வீட்டில் ஒரு மொழி, எழுத்தில் இன்னொரு மொழி என்று வாழ்ந்தவர் அவர். இரண்டுக்கும் நடுவில் வாழும் மனிதர்களை 'வேர்க'ளில் பரிவோடு எழுதினார். அருகிலிருப்பவரை அந்நியராகக் காணத் தொடங்கும்போது ஒரு மனத்துக்கு நேர்வதை 'யட்சி'யில் எச்சரிக்கையோடு எழுதினார். ஒன்று விருது பெற்றது, மற்றொன்று தலைமுறைகளைத் தூங்கவிடாமல் செய்தது. இரண்டும் ஓராண்டு இடைவெளியில், முழுநேர அரசுப் பணியில் இருந்த ஒருவரிடமிருந்து வந்தவை. எல்லைக்கு இப்பால் உள்ள தமிழ் வாசகர்கள் அவரைப் படிக்கத் தொடங்க, நூற்றாண்டு ஒரு நல்ல தருணமாக அமையும்.